பத்தாம் எண் சட்டையைக் கழற்றி வைத்தவர்

நண்பர்களே, வணக்கம்.

வேல்ஸ் நாட்டின் வடக்கே ரில் என்றொரு கடற்கரை ஊர் இருக்கிறது. அங்கே ஒரு வங்கிக் கிளையின் திறப்பு விழாவுக்கு ரக்பி வீரர் பாரி ஜான் விருந்தினராக வந்திருந்தார். அவர் எதிரே வந்த ஓர் இளம்பெண், அரசரைக் கண்டதுபோல முழங்காலை மடக்கி வணங்கினாள். வேறொருவராக இருந்தால் பூரித்துப் போயிருப்பார். பாரி ஜான் கலங்கிப் போனார். இது வாழ்க்கை அல்ல என்று அன்று தோன்றியதாகப் பின்னாளில் அவரே சொன்னார். 1972இல், 27ஆவது வயதில் விளையாட்டை விட்டார்.

ஒரு வணக்கத்துக்காகவா என்று நீங்கள் கேட்கலாம். அவர் பிறந்த ஊரைப் பார்த்தால்தான் அது விளங்கும். கெவ்னெய்தின், தென்மேற்கு வேல்ஸின் சின்னஞ்சிறு நிலக்கரிச் சுரங்கக் கிராமம். 1945இல் அங்கே ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். வீட்டிலும் தெருவிலும் வெல்ஷ் மொழிதான். எல்லாரும் எல்லாரையும் பெயர் சொல்லி அழைக்கும் ஊர் அது. அப்படிப்பட்ட ஊரின் பிள்ளையை நாடே 'கிங்' என்று அழைத்தது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் ஆடிய ரக்பி யூனியன் என்ற வகையில் அன்று ஆட்டத்துக்குக் கூலி கிடையாது. விளையாடிப் பணம் பெறுவது குற்றம். பெற்றவருக்கு ஆட்டத்தின் கதவே மூடப்படும். 1995 வரை இந்த விதி இருந்தது. சனிக்கிழமை பல்லாயிரம் பேர் முன்னால் ஆடியவர் திங்கட்கிழமை வேலைக்குப் போக வேண்டும். பாரி ஜான் ஆசிரியராக இருந்தார், பிறகு ஒரு நிதி நிறுவனத்தில் வேலை பார்த்தார். புகழ் மட்டும் மலைபோல் குவிந்தது. அதைத் தாங்க அவருக்குக் கிடைத்தது ஒரு சாதாரண மாதச் சம்பளம். இதை நான் நியாயம் என்று ஒருபோதும் ஒப்புக்கொள்ள மாட்டேன். அரங்கை நிரப்பியவர்களின் வியர்வைக்கு மட்டும் விலை இல்லை என்றது அந்த விதி.

அவர் ஆடிய இடம் பத்தாம் எண். இரு அணியினரும் தோளோடு தோள் முட்டித் தள்ளும் ஸ்கிரம்மிலிருந்து வெளிவரும் பந்தை ஒன்பதாம் எண்காரர் எடுத்து, பெரும்பாலும் அவர் கைக்குத்தான் அனுப்புவார். ஓடுவதா, உதைப்பதா, அடுத்தவருக்குக் கொடுப்பதா என்று கண்ணிமைக்கும் நேரத்தில் முடிவெடுக்க வேண்டும். அப்படிப் பந்தை அனுப்பியவர் காரெத் எட்வர்ட்ஸ். முதன்முதலில் சேர்ந்து பயிற்சி செய்த நாளில், பந்தை எப்படி வேண்டும் என்று எட்வர்ட்ஸ் கேட்டாராம். நீ எறி, நான் பிடித்துக்கொள்கிறேன் என்பதுதான் பாரி ஜானின் பதில். ஆடும்போதும் அவர் அப்படித்தான். பதற்றமே தெரியாது. மற்றவர்கள் சேற்றில் மல்லுக்கட்டும்போது அவர் மட்டும் நடைபழகுவதுபோல நழுவிப் போவார். அதற்காக அவரை மென்மையானவர் என்று நினைத்துவிடாதீர்கள். 1971இல் பாரிஸில் பிரான்ஸுக்கு எதிரான ஆட்டத்தில், மலைபோல வந்த பெனுவா தோகாவை மறித்து விழுத்தியதில் மூக்கு உடைந்தது. திரும்பி வந்து, எதிரணியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றி டிரையும் போட்டார். ஐந்து நாடுகள் போட்டியில் வேல்ஸ் அந்த ஆண்டு எதிர்த்த நான்கு அணிகளையும் வென்றது.

அதே ஆண்டுதான் நியூசிலாந்துப் பயணம். இங்கிலாந்து, ஸ்காட்லாந்து, அயர்லாந்து, வேல்ஸ் நான்கும் சேர்ந்த பிரிட்டிஷ் லயன்ஸ் அணி. பயிற்சியாளர் கார்வின் ஜேம்ஸ் யார் தெரியுமா? அதே கெவ்னெய்தின்காரர், அவரும் ஒருகாலத்தில் பத்தாம் எண்ணில் ஆடியவர். உலகத்தின் மறுகோடியில் ஒரே சிற்றூர்க்காரர்கள் இருவர் நின்று ஆட்டத்தின் போக்கை மாற்றினார்கள் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

டனீடனில் முதல் டெஸ்ட். நியூசிலாந்து முன்வரிசை லயன்ஸை நெருக்கித் தள்ளியது. பாரி ஜான் என்ன செய்தார்? பந்தை உயரவும் தாழவும், இடப்பக்கமும் வலப்பக்கமும் உதைத்துக்கொண்டே இருந்தார். எதிரணியின் கடைசிக் காவலர் ஃபெர்கி மெக்கார்மிக் அங்குமிங்கும் ஓடி ஓய்ந்தார். 9-3 என்று லயன்ஸ் வென்றது. மெக்கார்மிக்குக்கு அதுவே கடைசி டெஸ்ட். வெல்லிங்டனில் பல்கலைக்கழக அணிக்கு எதிராக அவர் போட்ட டிரை வேறு வகை. பந்தைத் தரையில் விழவிட்டு, எழும்போது கம்பங்களுக்கு நடுவே உதைக்கும் டிராப் கோல் அடிப்பதுபோலப் போக்குக் காட்டிவிட்டு, திகைத்து நின்ற ஆட்களுக்கு நடுவே நுழைந்து போய்விட்டார். கைதட்ட வேண்டிய கூட்டம் ஒரு கணம் வாயடைத்துப் போனதாம்.

நான்கு டெஸ்டுகளில் லயன்ஸ் எடுத்த 48 புள்ளிகளில் 30 அவருடையவை. இரண்டு வெற்றி, ஒரு தோல்வி, ஒன்று சமன். நியூசிலாந்து மண்ணில் லயன்ஸ் தொடரை வென்றது இன்றுவரை அந்த ஒருமுறைதான். ஊர் திரும்பியபின் அவரால் நிம்மதியாகத் தெருவில் நடக்க முடியவில்லை. வேலையில் கவனம் வைக்க முடியவில்லை. ரில் நகரத்துச் சம்பவம் இதற்கு நடுவில் வந்தது.

1972 ஏப்ரலில் கார்டிஃபில் கடைசி ஆட்டம். வெல்ஷ் மொழிக்காக இளைஞர்களைத் திரட்டிய உர்த் இயக்கத்தின் ஐம்பதாவது ஆண்டுக்கான ஆட்டம் அது. ஒருபுறம் பாரி ஜான் அணி, மறுபுறம் கார்வின் ஜேம்ஸ் அணி. தாய்மொழிக்காக ஆடிவிட்டு அவர் சட்டையைக் கழற்றி வைத்தார். 2024 பிப்ரவரியில், 79 வயதில் மறைந்தார்.

அந்த 1972 டிசம்பரிலேயே நியூசிலாந்து அணி கார்டிஃபுக்கு வந்தது. பத்தாம் எண்ணில் ஃபில் பென்னட் ஆடினார். வேல்ஸ் 16-19 என்று தோற்றது. ஒரே ஒரு பெனால்டி உதையின் இடைவெளி. பாரி ஜானுக்கு அப்போதும் வயது 27தான்.