புயல் நேர ஸ்கிரிப்ட்டும் அதுக்குள்ள இருக்கிற பாஸ்வேர்டும்

(திரையில்: யூபிஎஸ் பேனல், வெளியே மழை)

புதுச்சேரி, கடலூர் பக்கம் சர்வர் பார்க்கிறவங்களுக்கு 2011 தானே புயலும் தெரியும், 2024 ஃபெஞ்சலும் தெரியும். கரண்ட் போனா, யூபிஎஸ் தாங்குறதுக்குள்ள விர்ச்சுவல் மெஷின்களை (ஒரே சர்வருக்குள்ள சாஃப்ட்வேரா ஓடுற தனித்தனி கம்ப்யூட்டர்களை) ஒழுங்கா ஷட்டவுன் பண்ணணும். அதுக்கு விண்டோஸோட கட்டளை மொழியான பவர்ஷெல்ல ஒரு ஸ்கிரிப்ட் எழுதி, அதைத் தானா ஓட்டுற டாஸ்க் ஷெட்யூலர்ல போட்டுடுவாங்க. நல்ல வேலைதான். ஆனா திறந்து பார்த்தா, விசென்டர், அதாவது இந்த மெஷின்களை எல்லாம் நிர்வகிக்கிற விஎம்வேர் சாஃப்ட்வேரோட அட்மின் பாஸ்வேர்டு பட்டவர்த்தனமா கிடக்கும்!

(திரையில்: பாஸ்வேர்டு வரி சிவப்பு நிறத்தில்)

ஸ்கிரிப்ட் இருக்கிற ஃபோல்டரைத் திறக்க முடிஞ்ச யார் கையிலயும் மொத்த சர்வரும் போயிடும். கோடோட ஒவ்வொரு மாற்றத்தையும் பதிஞ்சு வைக்கிற கிட்ல (Git) ஏத்தியிருந்தா, வரியை அழிச்சாலும் பழைய பதிவுல இருக்கும். பாஸ்வேர்டையே மாத்திடுங்க.

வழி இதுதான். கெட்-கிரெடென்ஷியல் (Get-Credential)ங்கிற பவர்ஷெல் கட்டளையில யூசர்நேமும் பாஸ்வேர்டும் ஒரு தடவை டைப் பண்ணி, எக்ஸ்போர்ட்-கிளிக்ஸ்எம்எல் (Export-Clixml) கட்டளை வச்சு ஃபைலா சேமிங்க. ஸ்கிரிப்ட் அதைப் படிச்சு, விசென்டர்ல இணையுற கட்டளையான கனெக்ட்-விஐசர்வருக்குக் (Connect-VIServer) கொடுக்கும். விண்டோஸ்ல அந்த பாஸ்வேர்டு என்கிரிப்ட் ஆகியிருக்கும். உருவாக்கின அதே யூசருக்கு, அதே கம்ப்யூட்டர்ல மட்டும்தான் திறக்கும். லினக்ஸ்ல இந்தப் பாதுகாப்பு கிடையாது, அங்க இதை நம்பாதீங்க.

(திரையில்: டாஸ்க் ஷெட்யூலர், அக்கவுண்ட் பெயர்)

மாட்டுற இடமே இங்கதான். உங்க லாகின்ல ஃபைலை உருவாக்கி, நீங்களே ஓட்டிப் பார்ப்பீங்க, ஜம்முனு ஓடும். ஆனா ஷெட்யூலர்ல ஓட்டுறது சர்வீஸ் அக்கவுண்ட், அதாவது ஆளுக்கு இல்லாம தானா ஓடுற வேலைகளுக்குன்னு வச்சிருக்கிற தனி அக்கவுண்ட். ராத்திரி கரண்ட் போறப்போ அதால ஃபைலைத் திறக்க முடியாது. மெஷின் எதுவும் ஷட்டவுன் ஆகாது, பேட்டரி மட்டும் தீரும். அதனால எந்த அக்கவுண்ட் ஓட்டப்போகுதோ, அந்த அக்கவுண்ட்லயே பவர்ஷெல்லைத் திறந்து ஃபைலை உருவாக்குங்க. டெஸ்ட் பண்றதும் ஷெட்யூலர் வழியாவே இருக்கட்டும், ஒரு டம்மி மெஷினை வச்சு.

விசென்டர்ல லாகின் பண்ண அட்மின் ஐடி எதுக்கு? பவர் ஆஃப் உரிமை மட்டும் உள்ள ஒரு ரோல் (உரிமைகளோட தொகுப்பு) உருவாக்கி, தனி யூசருக்குக் கொடுங்க. ஷட்டவுன் பண்ண அது போதும். பாஸ்வேர்டு கசிஞ்சாலும் மெஷினை டெலீட் பண்ண முடியாது. (விசென்டரும் விர்ச்சுவல் மெஷினா இருந்தா, அதைக் கடைசியா நிறுத்துங்க. முதல்லயே நிறுத்திட்டா மத்ததுக்குக் கட்டளை எங்கிருந்து போகும்?)

இன்னொண்ணு. விசென்டரோட உள்ளூர் யூசர்களுக்கு, மாத்தாம விட்டா, பாஸ்வேர்டு 90 நாள்ல காலாவதி ஆகும். கோடையில செஞ்ச ஃபைல் ஐப்பசி மழைக்கு உதவாது. வடகிழக்குப் பருவமழைக்கு முன்னாடி, அக்டோபர் தொடக்கத்துலயே பாஸ்வேர்டை மாத்தி, ஃபைலைப் புதுசா உருவாக்கி, ஷெட்யூலர்ல ஒரு தடவை ஓட்டிப் பார்த்துடுங்க.