சாவி அரிசி டப்பாவில்

வணக்கம் மக்களே, தென்னாப்பிரிக்கா, டர்பன் நகரத்துச் சாட்ஸ்வொர்த்திலிருந்து பேசுகிறேன். மணி காலை 7.45. எனக்குப் பின்னால் கார் நிற்கிறது, நான் மினிபஸ் டாக்சிக்கு நிற்கிறேன். சிரிக்காதீர்கள்.

நேற்று கடைசிப் பரீட்சை. கூட்டாளிகளோடு, பார்கள் நிறைந்த ஃபுளோரிடா ரோடு போனோம். கிளம்பும்போதே பேசிவிட்டோம்: யாரும் காரைத் தொடக்கூடாது, போக வர ஊபர், காசு பங்கு. சொன்னபடியே நடந்தது. இரவு 2 மணிக்கு வீடு வந்து, "எவ்வளவு பொறுப்பான பிள்ளை நான்" என்று நினைத்துக்கொண்டே தூங்கினேன்.

விடிந்ததும் நூலகப் புத்தகத்தைத் திருப்பிக் கொடுக்க வெஸ்ட்வில் போக வேண்டும். குளித்தாயிற்று, காபி ஆயிற்று. சாவியைக் காணோம். பெரியம்மா மகள் அதை அரிசி டப்பாவில் போட்டுவிட்டாள்.

"நேத்து எத்தனை குடிச்சே? எண்ணிச் சொல்லு."

"நாலு குவார்ட். பியர்தானே அக்கா?"

மின்சார பில்லின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டாள். ஒரு குவார்ட் என்றால் 750 மில்லி பாட்டில், 5 சதவீதம், அதாவது 37.5 மில்லி சுத்த ஆல்கஹால். 25 மில்லி விஸ்கி டாட் மூன்றரை ஊற்றினால் எவ்வளவோ, அவ்வளவு. நாலு பாட்டிலுக்கு 150 மில்லி. ஈரல் மணிக்குச் சுமார் 10 மில்லிதான் கரைக்கும். ஆக 15 மணி நேரம். நான் முதல் பாட்டிலைத் திறந்தது இரவு 9 மணிக்கு. கூட்டிப் பாருங்கள், நண்பகல் 12!

ஆளுக்கு ஆள், எடைக்கு எடை இது கொஞ்சம் மாறும். ஆனால் காபியோ, பச்சைத் தண்ணீர்க் குளியலோ, ரொட்டியைக் குடைந்து கறிக்குழம்பு ஊற்றும் நம்ம ஊர் மட்டன் 'பன்னி சௌ'வோ ஈரலை ஒரு நிமிடம்கூட விரட்டாது. தூக்கம் கலையும், அவ்வளவுதான்.

இங்கே கார் ஓட்டுபவருக்கு வரம்பு 100 மில்லி ரத்தத்துக்கு 0.05 கிராம் ஆல்கஹால். ரோட் பிளாக்கில் ஊதச் சொல்லி மாட்டினால், இரண்டு மணி நேரத்துக்குள் ரத்தம் எடுப்பார்கள். குற்றம் உறுதியானால் 6 வருடம் வரை சிறைகூடக் கிடைக்கலாம். நான் ராத்திரியே தூங்கிவிட்டேன் என்று சொன்னால் ரத்தத்துக்குக் காது கேட்குமா?

உண்மையைச் சொல்கிறேன், எனக்குத் தலைகூட வலிக்கவில்லை. தெளிவாகத்தான் இருந்தேன். அதுதான் பயமாக இருக்கிறது. இரவில் நாங்கள் ஐந்து பேரும் ஒருவரை ஒருவர் கவனித்துக்கொண்டோம்; காலையில் தனித்தனியாக ஐந்து கார் கிளம்பும். குரூப்பில் செய்தி போட்டேன். இரண்டு பேர் ஏற்கெனவே ரோட்டில்.

சரி, ஹார்ன் கேட்கிறது, டாக்சி வந்துவிட்டது. சாவி மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம்தானாம்.