அம்மா போடுகிற பூ

நடுவர் அவர்களுக்கும், பொங்கல் வேலையைப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிற உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தலைப்பு உங்களுக்குத் தெரியும். இன்றைய அவசர வாழ்க்கையில் குடும்ப அன்பு குறைந்துவிட்டதா, வடிவம் மாறியிருக்கிறதா? வடிவம்தான் மாறியிருக்கிறது என்பது எங்கள் அணி. ஐந்து குறிப்புகள் எழுதிக்கொண்டு வந்தேன். ஆனால் எனக்கு முன்னால் பேசிய எதிரணித் தலைவர் ஐயா ஒரு வார்த்தை சொன்னார். அதைக் கேட்டதும் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

என்ன சொன்னார்? "இன்றைக்குக் குடும்பம் என்றால் வாட்ஸப் குழு. விடிந்தால் ஒரு ரோஜா, படுத்தால் ஒரு நிலா. யாரோ எடுத்த படத்தை யாரோ அனுப்ப, யாரும் பார்க்காமலே அழிக்கிறார்கள். வாசனை இல்லாத பூவுக்கு அன்பு என்று பெயர்!" நீங்கள் கைதட்டினீர்கள். பின்வரிசையிலிருந்து விசில்கூட வந்தது. ஐயா, அந்த ரோஜாவைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

அதற்கு முன்னால் அவருடைய இன்னொரு கேள்விக்குப் பதில். பெற்றோரைப் பராமரிக்க 2007இல் சட்டம் போட வேண்டி வந்ததே, அந்த நாட்டில் அன்பு எங்கே என்றார். சட்டம் வேண்டியிருந்தது உண்மை. கைவிடப்பட்ட பெரியவர்கள் இருக்கிறார்கள், அதை மறைத்துப் பேச எனக்கு மனசு வரவில்லை. ஆனால் திருட்டுக்குச் சட்டம் இருப்பதால் ஊரில் எல்லோரும் திருடர்கள் என்று ஆகிவிடுமா? சரி, அது அவ்வளவுதான். ரோஜாவுக்கு வருகிறேன்.

எனக்கு ஊர் ஏரல் பக்கம், தாமிரபரணிக் கரை. எங்கள் குடும்பக் குழுவின் பெயர் 'ஆச்சி வீடு'. மொத்தம் 23 பேர். சென்னையில் நான், கோயம்புத்தூரில் அக்கா, ஷார்ஜாவில் தம்பி, பாளையங்கோட்டையில் சித்தப்பா மகன், இன்னும் மாமா, மதினி, பேரன், பேத்தி எல்லோரும் உண்டு. ஊரில் தனியாக இருப்பது அம்மா. தினமும் காலை 5.30 மணிக்கு அந்தக் குழுவில் ஒரு ரோஜா வரும். அம்மா போடுவது. எதிரணித் தலைவர் சொன்ன அதே ரோஜா, நடுவர் அவர்களே! பனித்துளி உட்கார்ந்திருக்கும், பக்கத்தில் ஒரு பட்டாம்பூச்சி இருக்கும், கீழே 'இனிய காலை வணக்கம்' என்று மின்னும். 23 பேரில் இரண்டு பேர் கும்பிடு போடுவோம். மற்றவர்களிடமிருந்து சத்தமே இருக்காது. தம்பி ஒரு வருடத்தில் ஒரு நாள்கூடப் பதில் போட்டதில்லை.

சித்தப்பா மகன் கதை வேறு. எனக்கு அண்ணன் முறை. தோப்பில் ஒரு வரப்புத் தகராறு. நாலு வருடம் எங்களோடு பேச்சுவார்த்தை இல்லை. பேசவும் மாட்டான், குழுவை விட்டு வெளியே போகவும் மாட்டான். அதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள்.

2023 டிசம்பர் 17, ஞாயிற்றுக்கிழமை, மார்கழி முதல் நாள். அன்று ரோஜாவோடு அம்மாவின் குரலும் வந்தது: "நல்ல மழை. கோலம் போட முடியல." நாங்களும் மழைதானே என்று இருந்துவிட்டோம். அன்று பெய்த மழை உங்களுக்கு நினைவிருக்கும். காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர். தூத்துக்குடி மாவட்டம் ஒரு வருடம் முழுக்கப் பார்க்கிற மழையைவிட அதிகம், ஒரே நாளில். திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பேரோடு ஸ்ரீவைகுண்டத்தில் நின்றுபோனது. முன்னால் தண்டவாளத்துக்கு அடியில் இருந்த மண்ணை வெள்ளம் அரித்துவிட்டது.

மறுநாள் திங்கள்கிழமை. நான் எழுந்து அடுப்பில் பால் வைத்துவிட்டு போனைப் பார்க்கிறேன். மணி 5.45. பூ இல்லை. சிக்னல் இருக்காது என்று பாலை இறக்கினேன். 6 மணி. பூ இல்லை. 6.05க்கு போன் அடிக்கிறது. ஷார்ஜா நம்பர். தம்பி. எடுத்ததும் நல்லா இருக்கியா என்றுகூடக் கேட்கவில்லை. "யக்கா, அம்மா பூ போடலயே. பாத்தியா?"

நடுவர் அவர்களே, இந்த இடத்தை இன்னொரு தரம் சொல்ல எனக்கு அனுமதி வேண்டும். இப்போது ஷார்ஜாவிலிருந்து சொல்கிறேன். நமக்குக் காலை 5.30 என்றால் அவர்களுக்கு 4 மணி. அவன் வேன் ஓட்டுகிறான், 5 மணிக்கு வேலை. ஆறு பேர் படுத்திருக்கிற அறை. விளக்குப் போட்டால் மற்றவர்கள் தூக்கம் கெடும். அதனால் இருட்டிலேயே எழுந்து, போன் வெளிச்சத்தில் துண்டைத் தேடுவான். அந்த வெளிச்சத்தில் தினமும் முதலில் தெரிவது அம்மா போட்ட பூ. அதைப் பார்த்துவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவான். "பதில் போட்டா என்னடா?" என்று பிறகு ஒரு நாள் கேட்டேன். "பூ வந்தா அம்மா முழிச்சிட்டான்னு அர்த்தம்க்கா. அதுக்கு மேல என்ன கேக்க?" என்றான். அன்றைக்கு 4 மணிக்குப் பூ இல்லை. 4.10க்கு இல்லை. துண்டும் கையுமாக நின்றுகொண்டே இருந்திருக்கிறான். 4.35க்கு என்னைக் கூப்பிட்டான்.

யாரும் பார்க்காமலே அழிக்கிற பூ என்றாரே ஐயா! அன்று 7 மணிக்குள் எனக்கு வந்த போன்கள் பதினொன்று. கும்பிடு போடாத பேரன், 'பார்த்தேன்' என்றுகூடச் சொல்லாத மாமா, எல்லோரும் கேட்டது ஒரே கேள்வி. பூ ஏன் வரவில்லை? அத்தனை பேரும் தினமும் பார்த்திருக்கிறார்கள். வாய் திறந்து சொல்லாமல் இருந்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

19ஆம் தேதியும் பூ இல்லை. கரண்ட் இல்லை, டவர் இல்லை, ரோடு அறுந்து கிடக்கிறது. டிவியில் ஏரலைக் காட்டும்போதெல்லாம் அக்கா ஒவ்வொரு மொட்டைமாடியாக அம்மா சேலை நிறத்தைத் தேடியிருக்கிறாள்.

எதிரணியில் பேசிய சகோதரி கேட்டார்: ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலில் மாட்டியவர்களுக்குச் சோறு போட்டது சொந்தக்காரனா, ஊர்க்காரன்தானே என்று. ஆமாம், புதுக்குடி மக்கள். தங்களைச் சுற்றித் தண்ணீர் நிற்கும்போதே முகம் தெரியாதவர்களுக்குச் சமைத்துப் போட்டார்கள். அவர்களை நான் கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஆனால் சகோதரி, பசி என்று வந்தவருக்கு முதலில் சோறு போடு, அப்புறம் ஊர் பேர் கேள் என்று அவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்திருப்பார்கள்? வீட்டில் ஒரு ஆச்சிதானே! அதுவும் எங்கள் பக்கத்துக் கணக்குதான்.

20ஆம் தேதி மத்தியானம். எங்கள் ஊர்த் தெருவில் இடுப்பளவு தண்ணீர். எதிர்வீட்டு மாடியில் பதினான்கு பேர், இரண்டு ஆடு, நடுவில் அம்மா. தெருவிலிருந்து ஒரு குரல்: "பெரியம்மா! பெரியம்மா!" எட்டிப் பார்த்தால் சித்தப்பா மகன். நாலு வருடமாகப் பேசாதவன். பாளையங்கோட்டையிலிருந்து பஸ் போன மட்டும் பஸ், லாரி போன மட்டும் லாரி, அப்புறம் நடை. யாரும் அவனைப் போகச் சொல்லவில்லை. நான் கேட்டிருக்கவே மாட்டேன், அவ்வளவு கோபம் எனக்கு. அவன் அம்மாவிடம் சொன்னது இதுதான்: "ரெண்டு நாளா பூ வரல பெரியம்மா. மூணாவது நாளும் வரலன்னதும் கிளம்பிட்டேன்."

அம்மா அவனிடம் வரப்பைப் பற்றிக் கேட்டாளா? நாலு வருடம் எங்கே போனாய் என்று கேட்டாளா? மேலிருந்து குனிந்து பார்த்து, "ஏல, செருப்பு இல்லாமயா வந்த? கண்ணாடி கிண்ணாடி குத்தப் போகுது, மேல ஏறு" என்றாள். செருப்பு சேற்றோடு எங்கோ போயிருந்தது. அவன் படியில் உட்கார்ந்து அழுதிருக்கிறான்.

அம்மாவின் குரலை அவன் பதிவு செய்து, மறுபடி சிக்னல் கிடைக்கிற இடம் வரை நடந்து வந்து குழுவில் போட்டான். சாயங்காலம் 4 மணி. நாலு வருடத்தில் அந்தக் குழுவில் அவன் போட்ட முதல் பதிவு அம்மாவின் குரல். 22 பேரும் திரும்பத் திரும்பக் கேட்டோம். நான் எத்தனை தரம் கேட்டேன் என்று எனக்கே தெரியாது.

மறுநாள் அம்மாவைப் பாளையங்கோட்டைக்கு, அவன் வீட்டுக்கே கூட்டிப் போனான். கட்டில், டிவி, இரண்டு மூட்டை அரிசி எல்லாம் போயிருந்தது. போன் மட்டும் நனையவில்லை. தண்ணீர் ஏறும்போது அம்மா அதைத் தூக்குச்சட்டிக்குள் போட்டு மூடித் தூக்கிக்கொண்டு மாடி ஏறியிருக்கிறாள். சார்ஜ் போட்டதும் அவன் மகளைக் கூப்பிட்டு, "எத்தனை நாள் விட்டுப் போச்சுட்டி?" என்று கேட்டாளாம். 22ஆம் தேதி காலை 5.30 மணிக்கு ஐந்து ரோஜா வந்தது, நடுவர் அவர்களே. சிவப்பு, மஞ்சள், வெள்ளை, மறுபடி சிவப்பு, அப்புறம் ஒரு ஊதா. நாலு நாள் பாக்கி, அன்றைய கணக்கு ஒன்று!

மணி அடிக்கிறீர்கள். ஒரே ஒரு நிமிடம்.

அம்மா மூன்றாம் வகுப்போடு நின்றவள். போனில் எழுத வராது. அப்பா இருந்தவரை அவர்தான் வாரா வாரம் எங்களுக்கு போன் செய்து எல்லாச் செய்தியும் சொல்வார். 2021இல் அப்பா போனார். அதற்கப்புறம் அந்த வீட்டில் எங்களுக்குச் செய்தி சொல்ல ஆள் இல்லை. பேரன் இந்தப் பூ அனுப்பக் கற்றுக்கொடுத்தான். எந்தப் படத்தைத் தொட வேண்டும், எந்த அம்பை அழுத்த வேண்டும் என்று ஒரு லீவு முழுக்க உட்கார்ந்து படித்திருக்கிறாள். நான் எழுந்துவிட்டேன், எனக்கு ஒன்றும் இல்லை, உங்களை நினைத்துக்கொண்டேன் என்று எழுதத் தெரியாத ஒருத்தி வேறு எப்படித்தான் சொல்வாள், ஐயா? அந்தப் பூவுக்கு வாசனை இல்லை என்கிறீர்கள். எனக்கு அதைத் திறந்தால் எங்கள் வீட்டு அடுப்புப் புகை வாசனை வருகிறது.

இன்று காலையும் வந்தது. மஞ்சள் ரோஜா. சரியாக 5.30. அதற்குக் கீழே 5.31க்கு ஷார்ஜாவிலிருந்து ஒரு குரல் பதிவு. அம்மாவுக்குப் படிக்க வராது என்பதால் தம்பி இப்போதெல்லாம் பேசித்தான் அனுப்புகிறான், பக்கத்தில் தூங்குகிறவர்கள் எழுந்துவிடக் கூடாது என்று ரகசியக் குரலில்: "பாத்துட்டேம்மா."

நன்றி, வணக்கம்.