நாற்பது வயது ஐ.சி.க்களுக்கு ஒரு சோதனைப் பலகை

வணக்கம் நண்பர்களே. மேசைமேல் நீங்கள் பார்ப்பது, பழைய வீட்டுக் கணினிகளிலிருந்து கழற்றிய ஐ.சி. சில்லுகளைத் தனித்தனியே ஆராய்வதற்காக நான் கட்டியிருக்கும் சோதனைப் பலகை. அந்தக் காலக் கணினிகள் பலவற்றில் இருந்த இசட் 80 செயலியின் 40 கால் வடிவத்துக்கு 2024-ஆம் ஆண்டின் நடுவிலேயே கடைசி ஆர்டர் வாங்கி முடித்துவிட்டார்கள். 4116 போன்ற நினைவக ஐ.சி.க்களின் உற்பத்தி அதற்கு வெகு காலம் முன்பே நின்றுவிட்டது. ஆகவே இப்போது நம் கைக்கு வருபவை பெரும்பாலும் பழைய இருப்பு, இல்லையென்றால் ஏதோ ஒரு பலகையிலிருந்து சூடேற்றிப் பிடுங்கியவை. நல்லதைக் குப்பையில் போடுவதும் கெட்டதைச் சால்டர் செய்து ஒட்டுவதும் ஒரே அளவு நஷ்டம்.

இந்தப் பலகை ஓர் ஐ.சி.யைக் கெட்டது என்று சொன்னால் பெரும்பாலும் நம்பிவிடலாம். நல்லது என்று சொன்னால், எத்தனை வோல்ட்டில், எத்தனை டிகிரி வெப்பத்தில், எவ்வளவு வேகத்தில் நல்லது என்று திருப்பிக் கேட்க வேண்டும். நான் செய்திருக்கும் அமைப்பு முழுவதும் இந்த ஒரு கேள்வியை ஒட்டியே வளர்ந்தது.

கெட்டது என்னும் தீர்ப்பை நம்புவதற்கும் ஒரு நிபந்தனை உண்டு: கால்கள் சுத்தமாக இருக்க வேண்டும். சென்னையின் ஈரக் காற்றில் வருடக்கணக்கில் கிடந்த ஐ.சி.க்களில், குறிப்பாக வெள்ளி முலாம் பூசிய கால்கள் உள்ளவற்றில், கருமை படிந்து சாக்கெட்டில் தொடர்பு விட்டுப்போகும். ஆகவே ஃபைபர் கிளாஸ் பேனாவால் தேய்த்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்த பிறகே எதையும் சாக்கெட்டில் வைக்கிறேன். நெம்புகோல் உள்ள இந்த ஜிஃப் சாக்கெட் ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் சுலபமாகக் கிடைக்கிறது. விலையில் மலிவானதை வாங்காதீர்கள். சில மாதங்களில் அதன் பிடி தளர்ந்து, நல்ல ஐ.சி.யையும் கெட்டதாகக் காட்டத் தொடங்கிவிடும்.

பவர் சப்ளையில் மின்னோட்ட வரம்பு இருக்க வேண்டியது கட்டாயம். என்மாஸ் என்னும் பழைய தயாரிப்பு முறையில் வந்த இசட் 80 ஏ அதிகபட்சமாக 200 மில்லிஆம்பியர் எடுக்கலாம் என்பதால் வரம்பை 250-இல் வைத்திருக்கிறேன். உள்ளே ஷார்ட் ஆன ஐ.சி.யாக இருந்தால் சப்ளை உடனே வரம்பைத் தொட்டுவிடும். மற்ற எந்தச் சோதனையும் தேவைப்படாது.

இனிச் செயலிக்கு வருவோம். இசட் 80-இன் கட்டளைத் தொகுப்பில் 00 என்பதற்கு எதுவும் செய்யாமல் அடுத்த முகவரிக்குப் போ என்று பொருள். எட்டுத் தரவுக் கம்பிகளையும் தலா 1 கிலோஓம் ரெசிஸ்டர் வழியாகக் கிரவுண்டில் கட்டிவிட்டால், செயலி எங்கே படித்தாலும் 00 தான் கிடைக்கும். எனவே அது 0 முதல் 65,535 வரை ஓயாமல் எண்ணிக்கொண்டே இருக்கும். நேரடியாகக் கிரவுண்டில் இணைக்காததற்குக் காரணம், பழுதான செயலி தரவுக் கம்பியில் தானே மின்னழுத்தம் தரக்கூடும் என்பதுதான். செயலியை இடைநிறுத்தவோ குறுக்கிடவோ உதவும் வெயிட், இன்ட், என்.எம்.ஐ., பஸ் ரிக்வெஸ்ட் ஆகிய நான்கு கால்களையும் 5 வோல்ட்டுக்கு இழுத்துக் கட்ட வேண்டும். ஒன்றை அந்தரத்தில் விட்டாலும் முடிவை நம்ப முடியாது. செயலிக்குத் துடிப்பு தரும் கிளாக் காலுக்கு, லாஜிக் ஐ.சி.க்களின் சாதாரண டி.டி.எல். வெளியீடு போதாது, அது ஏறக்குறைய முழு 5 வோல்ட் வரை எழ வேண்டும் என்பதால் அங்கே 330 ஓம் ரெசிஸ்டர் ஒன்று மேல்நோக்கி இழுக்கிறது.

ஒரு மெகாஹெர்ட்ஸ் கிளாக்கில் ஒவ்வொரு கட்டளைக்கும் 4 மைக்ரோவினாடி ஆகிறது. முழுச் சுற்றுக்கு 262 மில்லிவினாடி. அதனால் ஏ15 என்னும் மேல் முகவரிக் கம்பியில் இணைத்த எல்.இ.டி. வினாடிக்கு ஏறக்குறைய நான்கு முறை மின்னுவதை வெறும் கண்ணால் பார்க்கலாம். எல்.இ.டி.யைச் செயலியின் காலிலேயே நேரடியாக மாட்டிவிடாதீர்கள். அந்தக் கால்கள் மிகக் குறைந்த மின்னோட்டத்தைத்தான் தரும். ஆகவே இடையில் சமிக்ஞைக்கு வலுவூட்டும் 74 எச்.சி.டி. 244 பஃபர் வைத்திருக்கிறேன். எச்.சி. அல்ல, எச்.சி.டி.; ஏனெனில் என்மாஸ் செயலி 'ஒன்று' என்பதற்கு உறுதியளிக்கும் மின்னழுத்தம் 2.4 வோல்ட் மட்டுமே, அதை எச்.சி. வகை ஒன்றாக ஏற்கும் என்று சொல்வதற்கில்லை.

ஆசிலோஸ்கோப்பில் ஏ15-ஐப் பார்க்கிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தச் சமிக்ஞை உயர்ந்திருக்க வேண்டிய நேரத்தில் திடமான கோடாக இல்லாமல் சீப்புப் பற்கள்போல் வெட்டுப்பட்டுத் தெரியும். இது பழுது அன்று. இசட் 80 ஒவ்வொரு கட்டளையையும் எடுத்த பிறகு, அடிக்கடி புதுப்பிக்காவிட்டால் தரவை இழந்துவிடும் டைனமிக் நினைவகத்துக்கான புதுப்பிப்பு முகவரியை அதே கம்பிகளில் வெளியிடுகிறது. ரீசெட்டுக்குப் பிறகு அந்த முகவரியின் மேல் பாதி சுழியம் என்பதால், ஏ15 பாதி நேரம் கீழே இறங்கிவிடுகிறது. அப்படி வெட்டுப்படாவிட்டால்தான் சந்தேகப்பட வேண்டும்.

6502 என்னும் மற்றொரு பழைய செயலிக்கும் இதே உத்திதான். ஆனால் அதன் வெறுங்கட்டளை பதினாறடி எண்முறையில் இ.ஏ. (இருமத்தில் 11101010) என்பதால் 0, 2, 4 ஆகிய தரவுக் கம்பிகளைக் கீழேயும் மற்ற ஐந்தை மேலேயும் கட்ட வேண்டும். 1984-இல் தொடங்கிய கிளாஸ் என்னும் கணினிக் கல்வித் திட்டத்தின் வழியாக இந்தியப் பள்ளிகளுக்குள் வந்த பி.பி.சி. மைக்ரோ கணினியின் செயலி 6502 என்பதால், நம் ஊரில் அந்தச் சாக்கெட்டுக்கு வேலை இருக்கிறது.

இப்படி எண்ணிக்காட்டும் செயலி நல்ல செயலி என்று இன்னும் ஆகிவிடவில்லை. கூட்டல் கழித்தல் பகுதியையோ, பதிவகங்களையோ, விடையின் தன்மையைக் குறிக்கும் கொடிகளையோ இந்தச் சோதனை தொடவே இல்லை. அதற்காக அர்டுயினோ மெகா 2560 என்னும் நுண்கட்டுப்பாட்டுப் பலகையை நினைவகம்போல் நடிக்க வைத்திருக்கிறேன். செயலி படிக்கக் கேட்கும் ஒவ்வொரு முறையும் ஒரு ஃப்ளிப்-ஃப்ளாப் சுற்று வெயிட் காலைக் கீழே பிடித்துக்கொள்கிறது. மெகா நிதானமாக அடுத்த கட்டளையைத் தரவுக் கம்பிகளில் வைத்துவிட்டுச் செயலியை விடுவிக்கிறது. கிளாக்கை நிறுத்தி நிறுத்தி ஓட்டுவது எளிய வழிபோலத் தோன்றினாலும், பழைய என்மாஸ் செயலிகளுக்கு அது உகந்ததன்று.

நினைவக ஐ.சி.க்கள்தாம் இந்தப் பலகையில் என் நேரத்தை அதிகம் தின்றவை. 1982-இல் வந்த இசட்.எக்ஸ். ஸ்பெக்ட்ரம் என்னும் வீட்டுக் கணினியின் முதல் 16 கிலோபைட் நினைவகம் எட்டு 4116 ஐ.சி.க்களால் ஆனது. இந்த 4116-க்கு 12 வோல்ட், 5 வோல்ட், கழித்தல் 5 வோல்ட் என மூன்று மின்னழுத்தங்கள் வேண்டும். கழித்தல் 5 முதலில் வர வேண்டும், கடைசியில் போக வேண்டும். அது இல்லாமல் 12 வோல்ட் மட்டும் ஏறினால், சோதிக்க வந்த ஐ.சி.யைச் சோதனையே கொன்றுவிடும். ஆகவே 7660 ஐ.சி. கழித்தல் 5-ஐ உண்டாக்கியது உறுதியான பிறகே 12 வோல்ட்டின் வழியைத் திறக்கும் மாஸ்ஃபெட் சுவிட்ச் ஒன்றை வைத்திருக்கிறேன். அதை மென்பொருளின் பொறுப்பில் விடவில்லை, சுற்றிலேயே கட்டியிருக்கிறேன்.

4164 பார்வைக்கு 4116-இன் உடன்பிறப்பு. அதே 16 கால், ஆனால் 5 வோல்ட் மட்டும் போதும். 4116-இல் 12 வோல்ட் வரும் எட்டாவது காலில்தான் 4164-க்கு 5 வோல்ட் வர வேண்டும். ஒரே சாக்கெட்டில் ஜம்பரை மாற்றி மாற்றிப் போடும் வடிவமைப்புகளை நான் பரிந்துரைக்க மாட்டேன். தனித்தனிச் சாக்கெட் வையுங்கள், அதன் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதியும் வையுங்கள்.

சோதனை முறையிலும் ஒரு பொறி இருக்கிறது. 0, 1, 0, 1 என்று மாற்றி மாற்றி எழுதிப் படித்துப் பார்ப்பது பரவலான வழக்கம். வீட்டு எண்ணின் நடு இலக்கத்தைப் படிக்கத் தெரியாத தபால்காரர் ஒருவர் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள்; எல்லா வீட்டுக்கும் ஒரே அழைப்பிதழை அனுப்பினால் அவர் தவறு வெளியே வராது. முகவரிக் கம்பி ஒன்று உள்ளே அறுந்த ஐ.சி.யும் அப்படித்தான், இந்த ஒழுங்கான வடிவத்தில் தேறிவிடுகிறது. எனவே நான் பயன்படுத்துவது மார்ச் சி-மைனஸ் என்னும் முறை: முதலில் எல்லா இடத்திலும் 0, பிறகு ஏறுமுகமாக ஒவ்வொன்றிலும் 0 இருப்பதைப் படித்து 1 எழுதுவது, மறுபடி ஏறுமுகமாக 1-ஐப் படித்து 0 எழுதுவது, இதே இரண்டும் இறங்குமுகமாக ஒரு முறை, முடிவில் எல்லாம் 0 தானா என்று படிப்பது. ஓரிடத்துக்குப் பத்துச் செயல்கள், 4164-க்கு மொத்தம் 6,55,360.

டைனமிக் நினைவகத்தின் வரிசைகளை ஒரு சில மில்லிவினாடிக்குள் தொட்டுக்கொண்டே இருக்க வேண்டும், இல்லையேல் தரவு வடிந்துவிடும். ஆகவே முகவரி ஏறும்போது வரிசை எண் முதலில் மாறும்படி வைத்தேன். ஓரிடத்துக்கு 5 மைக்ரோவினாடி ஆனாலும் 256 வரிசைகளும் 1.28 மில்லிவினாடியில் தொடப்பட்டுவிடுகின்றன. சோதனையே புதுப்பித்தலையும் செய்துவிடுகிறது. பிறகு வேண்டுமென்றே தொடாமல் விட்டு, எவ்வளவு நேரம் தரவு நிற்கிறது என்று தனியே பார்க்கிறேன். குளிரூட்டிய அறையில் நல்ல ஐ.சி. பல வினாடிகள்கூடத் தாங்கும். கசிவு வெப்பத்தோடு வேகமாகக் கூடுவதால், அதே ஐ.சி. மூடிய பெட்டிக்குள், நம் மே மாத மத்தியானத்தில், வேறு விதமாக நடந்துகொள்ளும். முடி உலர்த்தியால் அறுபது டிகிரி வரை சூடாக்கி, சப்ளையை 4.75 வோல்ட்டுக்கு இறக்கி, மறுபடியும் முழுச் சோதனை ஓட்டுவது இதற்காகத்தான்.

அப்போதும் வேகம் என்னும் கேள்வி மிஞ்சுகிறது. மெகாவின் கிளாக் 16 மெகாஹெர்ட்ஸ், அதாவது ஒரு துடிப்பு 62.5 நானோவினாடி. வரிசை முகவரி, நிரல் முகவரி இரண்டையும் கொடுத்துத் தரவைப் படிப்பதற்குள் பல துடிப்புகள் ஓடிவிடுகின்றன. 150 நானோவினாடியில் பதில் தர வேண்டிய ஐ.சி. தளர்ந்து 300-இல் தந்தாலும் மெகாவுக்குத் தெரியாது, கணினிக்குத் தெரியும். எனவே இங்கே தேறியவை எல்லாம், சாக்கெட் போட்ட பழைய ஸ்பெக்ட்ரம் பலகை ஒன்றில் கடைசியாக ஒரு முறை ஓட வேண்டும்.

புதுப்பிக்கத் தேவையில்லாத 2114 போன்ற ஸ்டாடிக் நினைவகங்களையும் 74 எல்.எஸ். லாஜிக் ஐ.சி. வரிசையையும் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மெகா அவற்றைச் சிரமமின்றிச் சோதிக்கிறது. கமடோர் 64 கணினியின் பி.எல்.ஏ. (உள்ளீடுகளுக்கேற்ப விடை தரும் லாஜிக் ஐ.சி.) மட்டும் சுவையானது. 16 உள்ளீடு, 8 வெளியீடு என்பதால் எளிய அடாப்டர் வழியாக அதை 27512 ஈப்ராம் நினைவகம்போல் படித்து, 65,536 விடைகளையும் சரியான கோப்போடு ஒப்பிடலாம். குளிர்ந்த நிலையில் ஒரு முறை, நன்றாகச் சூடேறிய பிறகு ஒரு முறை படியுங்கள். இரண்டு கோப்புகளும் வேறுபட்டால் அந்த ஐ.சி.யை நம்பாதீர்கள்.

கடைசியாக, பெயரைச் சுரண்டி மறுபடி அச்சிட்ட ஐ.சி.க்கள். பழைய இசட் 80 என்று வாங்கியது உண்மையில் என்மாஸ்தானா, பிற்காலச் சீமாஸா என்பதை இ.டி. 71 என்னும் ஆவணப்படுத்தாத கட்டளை காட்டிக்கொடுத்துவிடும்: என்மாஸ் வெளியீட்டில் 0 தரும், சீமாஸ் 255 தரும். எடுக்கும் மின்னோட்டமும் சீமாஸில் வெகுவாகக் குறையும். அப்படி அகப்பட்ட சீமாஸ் செயலியை நான் ஒதுக்குவதில்லை. பெரும்பாலான கணினிகளில் அது நன்றாகவே ஓடும். அதன் முதுகில் ஒட்டும் சீட்டில் சீமாஸ் என்றும், எத்தனை வோல்ட்டில், எந்த வெப்பத்தில், எந்த வேகத்தில் தேறியது என்றும் எழுதி, மற்றவற்றோடு இந்தக் கறுப்பு ஃபோமில் குத்தி வைக்கிறேன்.