பதினாறு பொத்தான்களும் ஓசையின் நீளமும்

நேயர்களுக்கு வணக்கம்.

மின்சுற்றுகளாலேயே மேள ஓசைகளை உருவாக்கித் தாளம் ஓட்டும் கருவி அனலாக் டிரம் மெஷின். அதற்குள் எந்த மேளத்தின் ஒலிப்பதிவும் கிடையாது. 1980இல் வெளிவந்த ரோலண்ட் டிஆர்-808ஐ எடுத்துக்கொள்வோம். பேஸ் டிரம் (கனத்த ஓசை தரும் பெரிய மேளம்) ஒலிக்க வேண்டிய நேரத்தில் ஒரு சிறு மின்துடிப்பு போய், மின்தடைகளும் மின்தேக்கிகளும் கொண்ட ஒரு சுற்றை இடிக்கிறது. தட்டிய மணி போல அந்தச் சுற்று அதிர்ந்து, மெல்ல அடங்குகிறது. ஸ்னேரில் (சடசடக்கும் சிறு மேளத்தில்) அப்படி இரண்டு அதிர்வுகள். அவற்றோடு ஒரு இரைச்சலும் சேர்கிறது. ஹை-ஹேட்டும் (மூடித் திறக்கும் ஜோடித் தட்டு) சிம்பலும் (உலோகத் தட்டு) ஒன்றோடொன்று சுருதி சேராத ஆறு சதுர அலைகளை வடிகட்டி எடுத்தவை. கவ்பெல் (மாட்டுமணி ஓசை) அவற்றில் இரண்டே அலைகள்: சுமார் 540 ஹெர்ட்ஸ் ஒன்று, 800 ஹெர்ட்ஸ் ஒன்று.

இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. புதிதாக வாசிக்க வருபவர்கள் எந்தப் பொத்தானை எங்கே அழுத்துவது என்று மட்டும் பார்க்கிறார்கள். அதிர்வு எவ்வளவு நேரம் நீடிக்கிறது என்பதையும் சேர்த்துக் கணக்குப் போட்டால்தான் தாளம் தெளிவாக விழும்.

எழுதும் முறை எளிது. பேட்டர்ன் (திரும்பத் திரும்ப ஓடும் தாளக்கட்டு) எழுதும் நிலைக்கு மாற்றி, ஒரு காலி இடத்தைத் தேர்ந்தெடுத்து, பழையது ஏதாவது இருந்தால் அழித்துவிட்டு, ஸ்டார்ட் கொடுங்கள். கருவியைத் தேர்ந்தெடுக்கும் குமிழை பேஸ் டிரம்முக்குத் திருப்புங்கள். 808இல் அந்தக் குமிழுக்கு, ஆக்சென்ட் (அழுத்தம்) உட்பட, 12 நிலைகள். கீழே நான்கு நான்காக நிறம் பிரித்த 16 பொத்தான்கள். ஒவ்வொரு நிறமும் தாளத்தின் ஒரு அடி; ஒவ்வொரு பொத்தானும் அதில் கால் பங்கு, அதாவது ஒரு ஸ்டெப். பேஸ் டிரம் 1, 9. ஸ்னேர் 5, 13. மூடிய ஹை-ஹேட் 1, 3, 5 என ஒற்றைப்படை எண்கள் எல்லாம். இதை ஓடவிட்டுக் கேளுங்கள். அடிப்படை நடை கிடைத்துவிடும்.

இப்போது 4ஆம் பொத்தானில் இன்னொரு பேஸ் டிரம் சேருங்கள். டெம்போ (நிமிடத்துக்கு எத்தனை அடி என்ற வேகம்) 120 என்றால் ஒரு அடி 500 மில்லிசெகண்ட், ஒரு ஸ்டெப் 125. ஒன்றுக்கும் நான்குக்கும் இடையே 375 மில்லிசெகண்ட்தான். அதிர்வு அடங்கும் நேரத்தை மாற்றும் டிகே குமிழை நிறையத் திருப்பி வைத்திருந்தால் முதல் அதிர்வு அடங்கும் முன்பே அடுத்த துடிப்பு வந்து இடிக்கும். பேஸ் டிரம்மின் சுமார் 50 ஹெர்ட்ஸ் அதிர்வு ஒரு முறை ஏறி இறங்க 20 மில்லிசெகண்ட் ஆகிறது. புதிய துடிப்பு அதன் ஏற்றத்தோடு சேர்ந்தால் அடி பெருக்கும். எதிர்த்து விழுந்தால் சிறுக்கும். "மெஷின் ஒரு அடியை மட்டும் சன்னமாக அடிக்கிறது" என்று பழுதுபார்க்கக் கொண்டுபோகிறார்களே, பல சமயம் காரணம் இதுதான். டிகேயைக் குறையுங்கள், அல்லது அந்த அடியை ஒரு ஸ்டெப் தள்ளி வையுங்கள். டெம்போவை 140க்கு உயர்த்தினால் அதே இடைவெளி 321 மில்லிசெகண்டாகச் சுருங்கும். ஆகவே டெம்போவை மாற்றும்போதெல்லாம் டிகேயையும் திரும்பக் கேட்டுச் சரிசெய்ய வேண்டும்.

ஹை-ஹேட்டில் நீளத்தைப் பொத்தானாலேயே வெட்டலாம். திறந்த ஹை-ஹேட் ஒலிக்கும்போது மூடியது வந்தால் முன்னது நின்றுவிடும். திறந்ததை 3இல் வைத்து மூடியதை 4இல் வைத்தால் ஒரே ஸ்டெப் நீளம்; 5இல் வைத்தால் இரண்டு. என் கணிப்பில் இந்தக் கருவியிலேயே மிக அழகான வசதி இது. இரண்டையும் ஒரே ஸ்டெப்பில் மட்டும் வைக்காதீர்கள்.

ஆக்சென்ட் தனிக் கருவிக்கு உரியதல்ல. அந்த ஸ்டெப்பில் ஒலிக்கும் எல்லாவற்றையும் சேர்த்து உயர்த்தும். ஸ்னேருக்காக 5இல் வைத்தால் அங்குள்ள ஹை-ஹேட்டும் எகிறும். அது உறுத்தினால் 5இல் ஹை-ஹேட்டை எடுத்துவிடுங்கள். அந்தக் காலி இடம் ஸ்னேருக்கு இன்னும் எடுப்பாக இருக்கும்.

ஒரு அடியை மூன்றாகப் பிரிக்கும் திஸ்ர நடைக்கு வரும்போது பலர் தடுமாறுகிறார்கள். கடைசி ஸ்டெப்பை 12 என்று வைத்தால் மட்டும் திஸ்ரம் வராது. ஒரு அடிக்கு நான்கு ஸ்டெப் என்ற அளவு மாறாததால் மூன்று அடிச் சுற்றுதான் கிடைக்கும். ஸ்கேல் சுவிட்சையும் மாற்றி, ஒரு அடிக்கு மூன்று ஸ்டெப் ஆக்க வேண்டும். பிறகு பேஸ் டிரம் 1, 7. ஸ்னேர் 4, 10. ஹை-ஹேட் 1, 3, 4, 6, 7, 9, 10, 12. 808இல் ஷஃபிள் (துள்ளல் நடை தரும்) வசதி கிடையாது, 1983இல் வந்த ரோலண்ட் டிஆர்-909இல்தான் உண்டு. எனவே 808இல் துள்ளல் நடை வேண்டுமென்றால் இதுவே வழி. ஏழு எண்ணிக்கை கொண்ட மிஸ்ர சாப்புக்கு, ஒரு எண்ணிக்கைக்கு இரண்டு ஸ்டெப் என்று, அடிக்கு நான்கு ஸ்டெப் அளவிலேயே கடைசி ஸ்டெப்பை 14 என்று வைத்து, 1, 7, 11இல் அழுத்தம் கொடுங்கள். மூன்று, இரண்டு, இரண்டு என்று பிரிந்து நிற்கும். பக்கத்தில் இன்னொரு மெஷின் 16இல் ஓடினால் 112 ஸ்டெப்புக்கு ஒருமுறை இரண்டும் சமத்தில் (சுற்றின் முதல் ஸ்டெப்பில்) சந்திக்கும்.

இரண்டு மெஷின்களை இணைக்கும்போது கேபிளைப் பாருங்கள். மெஷின்களை ஒரே வேகத்தில் ஓட வைக்கும் பழைய டின் சிங்க் செருகியும், இசைக் கருவிகள் தகவல் பரிமாறும் மிடி செருகியும் பார்வைக்கு ஒன்றே. ஆனால் டின் சிங்க்கில் ஸ்டார்ட் சைகை 1ஆம் முள்ளிலும் கடிகாரத் துடிப்பு 3ஆம் முள்ளிலும் போகின்றன; பல மிடி கேபிள்களில் அந்த இரண்டு முட்களுக்கும் கம்பியே இருக்காது. ஐந்து முட்களும் இணைந்த கேபிள் வாங்குங்கள். ரோலண்ட் ஒரு அடிக்கு 24 துடிப்பு அனுப்பும். அக்காலத்துக் கோர்க் கருவிகள் 48 எதிர்பார்க்கும். நேரடியாக இணைத்தால் கோர்க் பாதி வேகத்தில் ஓடும்.

சின்ன ஸ்பீக்கரில் 50 ஹெர்ட்ஸ் கேட்காது. கேட்கவில்லையே என்று பேஸ் டிரம்மின் ஒலியளவைக் கூட்டிக்கொண்டே போனால் மிக்ஸரில் ஒலி சிதைந்துவிடும். அளவுமானியைப் பாருங்கள், நல்ல ஹெட்போனில் கேளுங்கள்.

பழைய கருவி வாங்குபவர்கள் மின்னழுத்தத்தைப் பார்க்காமல் செருகக் கூடாது. ஜப்பானில் விற்றவை 100 வோல்ட்டுக்கானவை. ஒரு தட்டலுக்கு இரண்டு அடி விழுந்தால் பொத்தானின் தொடுமுனை தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். குமிழ் திருப்பும்போது கரகரத்தால் தொடுமுனை சுத்தம் செய்யும் திரவத்தைச் சிறிது அடித்து, இருபது முறை முழுக்கத் திருப்புங்கள்.

பேட்டர்ன் நினைவைக் காப்பது பேட்டரி. மின் இணைப்பு ஓடும்போதே அதை மாற்றினால் எழுதியது அழியாது. ஆனால் நினைவில் இருப்பவை ஸ்டெப்புகள் மட்டுமே; டிகே, டோன், ஒலியளவு எதுவும் பதியாது. ஆகவே 16 கட்டம் போட்ட தாளில் அடிகளைக் குறிக்கும்போது, ஒவ்வொரு குமிழும் எந்த எண்ணில் நிற்கிறது, டெம்போ என்ன என்பதையும் பக்கத்திலேயே எழுதி வையுங்கள்.