காரலுக்கு ஒரு கை ஐஸ்

தலைவர் அவர்களே, பெரியோர்களே, ஏலக்கூடத்திலிருந்து நேரே வந்து அமர்ந்திருக்கும் தாய்மார்களே, வணக்கம்.

உணவு வீணாகிறது என்றால் கல்யாணப் பந்தியின் எச்சில் இலைதான் எல்லோருக்கும் நினைவுக்கு வரும். ராமேசுவரத்தில் நின்று பேசும் நான் படகிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

வலையின் மடியை இழுத்துப் படகின் தளத்தில் கொட்டியதும் நம் கை எதைத் தேடுகிறது? இறாலை, கணவாயை, நண்டை. அவை பெட்டிக்குள் போகின்றன, ஐஸ் விழுகிறது. காரல், சூடை என்ற சிறு மீன்கள் கொட்டிய இடத்திலேயே கிடக்கின்றன. அதன்மேலேயே நடக்கிறோம், கயிற்றை இழுத்துப் போடுகிறோம். வெள்ளித் தகடாக மின்னிய காரல், கரைக்கு வரும்போது கண் குழிந்து, வயிறு உடைந்து கிடக்கிறது. சங்காயம், அதாவது கழிவு மீன், என்று ஒரே பெயர் வைத்து அள்ளிவிடுகிறோம். மீன் தூளுக்கும் கோழித் தீவனத்துக்கும் போகிறது. சங்காயத்தில் குஞ்சு மீனும் உண்டு. அது வலைக்கண் சிறுத்ததால் வந்த கேடு, அதைத் தனியே பேச வேண்டும். ஆனால் நன்கு வளர்ந்த காரல் கடலிலிருந்து சங்காயமாக வரவில்லை. நாம்தான் அதைச் சங்காயமாக்கினோம்.

போன வாரம் ஒரு தாய் அந்தக் குவியலருகே குந்தி, ஒவ்வொரு மீனாக வயிற்றை அழுத்திப் பார்த்துப் பொறுக்கினார். அரைமணி நேரத்தில் கால் கூடைகூடத் தேறவில்லை. “ராத்திரி ஒரு கை ஐஸ் போட்டிருந்தால் இத்தனையும் காசு, தம்பி” என்றார்.

நம்மைப் போன்ற வெயில் நாட்டில் ஒரு கிலோ மீனுக்கு ஒரு கிலோ ஐஸ் வேண்டும் என்பது கணக்கு. டீசல் விற்கிற விலையில் அத்தனை ஐஸுக்கு எங்கே போவது என்று கேட்பீர்கள். நியாயம்தான். ஆனால் கடல் தண்ணீரில் அலசி, நிழலில் ஒதுக்கி, ஈரச் சாக்கால் மூடுவதற்கு என்ன செலவு? உலகம் முழுவதும் பிடிக்கும் மீனில் சுமார் 35 சதவீதம் இழப்பாகவோ வீணாகவோ போகிறது என்று ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு மதிப்பிட்டிருக்கிறது. திரும்பி வருவோமா என்ற பயத்தோடு கடலுக்குப் போகிறவர்கள் நாம். நமக்கு இது வெறும் எண் இல்லை.

வாங்குகிறவர்களுக்கும் பொறுப்பு உண்டு. பிள்ளை பெற்றவளுக்குப் பால் ஊறக் காரல் குழம்பு வைத்துக் கொடுத்த கரை இது. இன்று முள் என்று முகம் சுளிக்கிறோம். கேட்பார் இல்லாத மீனுக்கு எந்தப் படகுக்காரர் ஐஸ் போடுவார்?

பந்திக்கும் வருகிறேன். 2022-இல் உலகில் வீணான உணவு 105 கோடி டன். அதில் 60 சதவீதம் வீடுகளில் கொட்டியது என்கிறது ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பின் அறிக்கை. இலை நிறையாவிட்டால் மரியாதைக் குறைவு என்று நாம் நினைக்கிறோம். கீழக்கரைப் பக்கம் சஹன் என்ற ஒரே பெரிய தட்டைச் சுற்றிப் பலர் அமர்ந்து சாப்பிடுகிறார்கள். பக்கத்தில் இருப்பவருக்கு வேண்டுமே என்று கை தானாக அளந்து எடுக்கிறது. அங்கே யாருடைய மரியாதையும் குறைந்துவிடவில்லை.

நாளை படகு ஏறும் தம்பிகளிடம் ஒன்று கேட்கிறேன். இரண்டு சாக்குகளை நனைத்து எடுத்துப் போங்கள். மறுநாள் காலை நான் ஏலக்கூடத்தில் நிற்பேன். முதலில் காரல் கூடையைத்தான் பார்ப்பேன்.