இறக்கச் சொன்ன சட்டமும் எண்ண மறந்த சட்டமும்

அவையோருக்கு வணக்கம்.

நிலத்தடி நீர் என்றால் மேடையில் மழையைப் பற்றிப் பேசுவதுதான் வழக்கம். நான் சட்டத்தில் ஆரம்பிக்கிறேன். தூக்கம் வந்தால் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள், தண்ணி லாரி வரும்போது எல்லோரும் விழித்துக்கொள்வீர்கள்.

2003ஆம் ஆண்டில் தமிழ்நாட்டில் நிலத்தடி நீருக்காக இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று எல்லோருக்கும் நினைவிருக்கும். ஜூலையில் வந்த அவசரச் சட்டம் அது. புது வீடு, பழைய வீடு, அரசுக் கட்டடம் என்று பாகுபாடில்லாமல் எல்லாவற்றிலும் மழைநீர் சேகரிப்பு அமைக்க வேண்டும். அமைக்காவிட்டால் உள்ளாட்சியே ஆள் வைத்து அமைத்துவிட்டு, செலவைச் சொத்து வரியோடு சேர்த்து வசூலிக்கும். குடிநீர் இணைப்பையும் துண்டிக்கலாம். கெடு சில மாதங்கள்தான். பிளம்பருக்கும் பிவிசி குழாய்க்கும் அப்படியொரு கிராக்கி அதற்கு முன்னால் வந்ததில்லை. பின்வந்த ஆண்டுகளில் நல்ல மழையும் சேர்ந்துகொள்ள, சென்னைக் கிணறுகளில் நீர்மட்டம் ஏறியது. இதைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

இன்னொன்று, தமிழ்நாடு நிலத்தடி நீர் (மேம்பாடு மற்றும் மேலாண்மை) சட்டம். கிணறுகளைப் பதிவு செய்வது, புதுக் கிணற்றுக்கு அனுமதி வாங்குவது, இதையெல்லாம் பார்க்க ஓர் ஆணையம் என்று, எடுக்கிற தண்ணீருக்குக் கணக்கு கேட்ட சட்டம். பேரவையில் நிறைவேறியது. அப்புறம் பத்தாண்டு அது நடைமுறைக்கே வரவில்லை. 2013இல் ரத்தானது.

ஆக, தண்ணீரை உள்ளே இறக்கு என்ற சட்டத்துக்கு உயிர் இருந்தது. எவ்வளவு எடுக்கிறாய் என்று கேட்ட சட்டம் பிறந்தபடியே படுத்திருந்து போய்விட்டது. நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். மீதி நேரமெல்லாம் இதற்கு விளக்கம்.

சென்னையில் ஆண்டுக்குச் சராசரியாக 1,400 மில்லிமீட்டர் மழை. ஆயிரம் சதுர அடி மொட்டைமாடியில் விழுவது சுமார் 1,30,000 லிட்டர். ஆவியாவது, வழிந்து வீணாவது எல்லாம் கழித்தாலும் ஒரு லட்சம் நிற்கும். 12,000 லிட்டர் லாரியில் எட்டு லோடு! அவ்வளவையும் நீங்கள் ஒழுங்காகக் கிணற்றில் விடுகிறீர்கள் என்று வையுங்கள். பக்கத்து மனைக்காரர் முந்நூறு அடிக்குப் போர் போட்டு, ராத்திரி பகலாக இறைத்து லாரிக்கு விற்கிறார். அவரை என்ன செய்ய முடியும்? 1882ஆம் ஆண்டின் இந்திய வசதியுரிமைச் சட்டம், 7ஆம் பிரிவு, அவர் பக்கம் நிற்கிறது. தன் நிலத்துக்கு அடியில், வரையறுத்த வாய்க்கால் எதிலும் ஓடாத தண்ணீரைத் தன் எல்லைக்குள் திரட்டிக்கொள்ளும் உரிமை நிலத்துக்காரருக்கு உண்டு என்கிறது அது. கமலையும் ஏற்றமும் இறைத்த காலத்துச் சட்டம். நீர்மூழ்கி மோட்டார் வந்த பிறகும் அப்படியே இருக்கிறது.

மண்ணையும் சொல்லியாக வேண்டும். பெசன்ட் நகர், திருவான்மியூர்ப் பக்கம் மணல். தண்ணீர் விட்ட இடத்திலேயே இறங்கிவிடும். மேற்கு மாம்பலம், அண்ணா நகர்ப் பக்கம் களிமண். மேலாகக் குழி வெட்டினால் குட்டைதான் மிஞ்சும், களிமண்ணைத் தாண்டித் துளையிட்டு மணலைத் தொட வேண்டும். வேளச்சேரி, கிண்டிப் பக்கம் பாறை. அங்கே கணக்கே வேறு. ஆனால் சோதனைக்கு வந்தவர்கள் பெரும்பாலும் பார்த்தது குழாய் இருக்கிறதா, குழி இருக்கிறதா என்பதைத்தான். தண்ணீர் இறங்குகிறதா என்று ஊற்றிப் பார்த்தவர்கள் குறைவு. தூர் அடைத்துப்போன எத்தனையோ வடிகட்டித் தொட்டிகள் இன்றும் சட்டப்படி "சேகரிப்பு" செய்துகொண்டிருக்கின்றன. 2019இல் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் வறண்டு, ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்தபோது அந்தத் தொட்டிகளும் இருக்கத்தான் செய்தன.

இதையே வேறு வரிசையில் செய்த ஓர் இடம் அமெரிக்காவில் இருக்கிறது. அரிசோனா மாநிலம், பாலைவனம். அங்கே 1980இல் முதலில் வந்தது எடுப்பைக் கட்டுப்படுத்தும் சட்டம். அதுவும் தானாக வந்த ஞானமில்லை. கொலராடோ ஆற்றுக் கால்வாய்க்கான மத்திய நிதியை நிறுத்திவிடுவோம் என்று வாஷிங்டன் மிரட்டிய பிறகே வந்தது. பீனிக்ஸ், டூசான் போன்ற பகுதிகளை மேலாண்மைப் பகுதிகளாக அறிவித்தார்கள். அங்கே புதிதாக நிலத்தைப் பாசனத்துக்குக் கொண்டுவரக் கூடாது. நிமிடத்துக்குச் சுமார் 130 லிட்டருக்கு மேல் இறைக்கும் கிணறு என்றால் அளந்து கணக்கு காட்ட வேண்டும். இவ்வளவும் ஆன பிறகு, 1986இல்தான் நீரை நிலத்தடியில் சேமிக்கும் சட்டம். 1996இல் தண்ணீர் வங்கி ஒன்றையே அமைத்தார்கள்.

பெயரளவுக்கு இல்லை, உண்மையிலேயே வங்கிக் கணக்குதான். கால்வாயில் மிஞ்சும் ஆற்று நீரை மணற்படுகையில் தேக்கி இறக்குகிறார்கள். இறக்கியவர் பெயரில் வரவு ஏறும். பெரும்பாலான நீண்டகால வரவில் நூற்றுக்கு ஐந்து பங்கை நிலத்தடிக்கென்றே கழித்துவிடுவார்கள். அதை யாரும் திரும்பக் கேட்க முடியாது. மீதியைப் பிற்பாடு அனுமதியோடு எடுக்கலாம், இன்னொருவருக்கு மாற்றலாம். எனக்கு மிகவும் பிடித்தது இன்னோர் ஏற்பாடு. போர்க் கிணற்றில் இறைக்கும் உரிமையுள்ள விவசாயி, அதை நிறுத்திவிட்டுக் கால்வாய் நீரைப் பயன்படுத்துகிறார். அவர் இறைக்காமல் விட்ட அளவு, அந்தக் கால்வாய் நீரைக் கொடுத்தவர் கணக்கில் சேமிப்பாக ஏறுகிறது. சொட்டு நீரும் மண்ணுக்குள் விடாமலே சேமிப்பு!

அரிசோனாவைத் தலையில் தூக்கி ஆட வேண்டாம். மேலாண்மைப் பகுதிக்கு வெளியே பணம் உள்ளவர் எவ்வளவு ஆழத்துக்கும் துளையிட்டார்கள், சிறு குடியிருப்புகளின் கிணறுகள் வற்றின. பீனிக்ஸ் சுற்றுப்புறத்தில் நிலத்தடி நீரை மட்டும் நம்பிய புது வீட்டு மனைகளுக்கு நூறாண்டுக்குத் தண்ணீர் உறுதி என்ற சான்றிதழ் இனி கிடையாது என்று 2023இல் அறிவிக்க வேண்டியும் வந்தது. ஆனால் பற்றாக்குறை எவ்வளவு என்று சொல்ல அவர்களிடம் ஓர் எண் இருந்தது. இங்கே அப்படி ஓர் எண் கேட்டால், கணக்கெடுப்பில் வரும் மதிப்பீடுதான் கிடைக்கும். அளந்தது கிடைக்காது.

விவசாயக் கிணறுகளுக்கும் மீட்டரா என்று முன்வரிசையில் ஒருவர் முறைக்கிறார். ஐயா, அதில் கை வைத்து எந்த அரசும் நிலைக்காது, நானும் அதைக் கேட்கவில்லை. வயலுக்கு இறைப்பவரிடம் போகும் முன் விற்பதற்கு இறைப்பவரிடம் போகலாம். அதற்குச் சட்டமும் இருக்கிறது. 1987இல் வந்த சென்னைப் பெருநகர்ப் பகுதி நிலத்தடி நீர் ஒழுங்குமுறைச் சட்டப்படி, பட்டியலில் உள்ள பகுதிகளில் கிணறு தோண்ட அனுமதி வேண்டும், லாரியில் எடுத்துச் செல்ல உரிமம் வேண்டும். மீஞ்சூர்ப் பக்கம் அளவுக்கு மீறி இறைத்துக் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்துவிட்டதைக் கண்ணால் பார்த்த காலத்தின் சட்டம் அது. 2018இல் சென்னை உயர் நீதிமன்றமும் வணிகத்துக்கு எடுக்கும் நீரை மீட்டர் வைத்து அளக்கத்தான் சொன்னது. உடனே லாரிகள் வேலைநிறுத்தம் செய்தன.

எனவே ஒரு வேலை தருகிறேன். உங்கள் பகுதியில் 1987 சட்டப்படி எத்தனை கிணறுகளுக்கு அனுமதி, எத்தனை லாரிகளுக்கு உரிமம், எத்தனை மீட்டர்கள் ஓடுகின்றன என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போடுங்கள். பத்து ரூபாய்க் கட்டணம். மாதிரி மனு வாசல் மேசையில் இருக்கிறது, போகும்போது எடுத்துக்கொள்ளுங்கள்.